பல்லடம் தூரந்தானுங்கப்பா

1

எங்கள் ஊரிலிருந்து வின்னிபெக் நகரத்துக்கு முந்நூற்று நாற்பது கிலோமீட்டர். இந்த ஒரு வரியை எழுத எனக்குப் பத்து வருடம் ஆயிற்று.

பத்து வருடத்துக்கு முன்பு பல்லடம் வீட்டில் நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து நின்றார். என் கணவருக்குக் கனடாவில் ஒரு கோழிப்பண்ணையில் வேலை கிடைத்திருந்தது. பல்லடத்துக்காரருக்குக் கோழிப்பண்ணை வேலை கிடைப்பதில் அதிசயமில்லை, பனி கொட்டுகிற தேசத்தில் கிடைத்ததுதான் அதிசயம். அப்பா வேறு எதையும் கேட்கவில்லை.

"நீங்க இருக்கப்போற ஊரு, ஏரோப்ளேன் எறங்குற டவுனுக்கு எத்தன தூரம் கண்ணு?"

அம்மாவும் வேலையை விட்டுவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நம்ம பல்லடத்துக்கும் கோயமுத்தூருக்கும் உள்ள தூரந்தானுங்கப்பா."

அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது. அந்தத் தூரத்தை அவரைப் போல அறிந்தவர் யாரும் கிடையாது. இருபத்தெட்டு வருடம் அதே ரூட்டில் தனியார் பஸ் கண்டக்டராக இருந்தவர். காரணம்பேட்டை, சூலூர், ஒண்டிப்புதூர், சிங்காநல்லூர். பஸ்ஸுக்கு ஒரு மணி ஐந்து நிமிடம். மழை பெய்தால் ஒன்றே கால். சூலூரில் டைம் கீப்பரிடம் இரண்டு நிமிடத்துக்காக இவர் போட்ட சண்டைகள் பல்லடம் வரை பிரசித்தம். காடு கரைக்குக் கூலிக்குப் போன குடும்பத்தில் முதல் காக்கிச் சட்டை அவருடையது. அவருடைய அப்பாவை வாசலுக்கு வெளியே நிறுத்திப் பேசியவர்களெல்லாம் பஸ்ஸில் ஏறினால் "கண்டக்டருங்க, ஒரு சூலூர் குடுங்க" என்று கேட்டாக வேண்டும். அந்தச் சட்டையைத் தினமும் அவரே துவைப்பார், அம்மாவைக்கூடத் தொட விடமாட்டார்.

நான் சொன்னது பொய் என்று எனக்கே முழுதாகத் தெரியாது. கூகிள் வரைபடத்தில் இரண்டு புள்ளிகளும் பக்கம் பக்கமாகத்தான் இருந்தன. நடுவில் வேறு ஊர்ப் பெயரே இல்லாததால் பக்கம் என்று நினைத்துக்கொண்டேன். நம்மூரில் நாற்பது கிலோமீட்டருக்குள் நாற்பது ஊர் இருக்கும். ஊரே இல்லையென்றால் தூரமும் இல்லை என்று கணக்குப் போட்ட அறிவாளி நான்.

வந்து இறங்கிய அன்றே உண்மை தெரிந்துவிட்டது. அப்புறமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

2

எங்கள் ஊரில் ஒரு தபால் நிலையம், ஒரு பலசரக்குக் கடை, ரயில் பாதை ஓரமாகக் கோதுமை சேர்த்து வைக்கும் உயரமான கிடங்கு ஒன்று, அறுநூறு பேர். நான் முதியோர் இல்லத்தில் சமையல்கட்டில் வேலை செய்கிறேன். உருளைக்கிழங்கை வேகவைத்து மசிப்பதில் என்னை அடிக்க இந்த மாகாணத்தில் ஆளில்லை. உப்பு போடாமல் சமைக்கக் கற்றுக்கொண்டதைத்தான் வாழ்க்கையின் பெரிய சாதனையாகச் சொல்ல வேண்டும்.

பல் பிடுங்க வேண்டுமா, வின்னிபெக். துவரம்பருப்பு, கறிவேப்பிலை வேண்டுமா, வின்னிபெக். பாஸ்போர்ட் போட்டோவில் காது தெரியவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்ததா, அதே காதுகளோடு மறுபடியும் வின்னிபெக். போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம். இங்கே யாரும் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதில்லை, மணிக்கணக்கில்தான் சொல்வார்கள். முதல் தடவை அதைக் கேட்டபோது, அப்பாவும் இப்படித்தான் சொல்வார் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. பிறகு அழுகையும் வந்தது.

இன்னொன்றும் இங்கே பழகாமல் இருந்தது. நம் பக்கம் வெளியே கிளம்புகிறவரை "எங்க போறீங்க?" என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் போகிற காரியம் விளங்காது. "தூரமுங்களா?" என்றுதான் கேட்பார்கள். பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "இல்லீங், இங்க பக்கந்தானுங்க." ஆள் காசிக்கே போனாலும் பக்கம்தான். என் அம்மா விடியற்காலையில் காக்கிச் சட்டையோடு கிளம்பும் அப்பாவைத் தினமும் "தூரமுங்களா?" என்று கேட்பார். எங்கே போகிறார், எத்தனை ட்ரிப் அடிக்கப்போகிறார் என்று ஊருக்கே தெரியும். இருந்தாலும் கேட்பார். ஒரு நாளைக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வரும் மனிதர், செருப்பை மாட்டிக்கொண்டு, "பக்கந்தான்" என்பார். இருபத்தெட்டு வருடத்தில் ஒரு நாளும் வேறு பதில் சொன்னதில்லை.

அப்படிக் கேட்காமல் யாராவது வாய் தவறி "எங்கே" என்று கேட்டுவிட்டால், திரும்ப வீட்டுக்குள் வந்து, உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். இங்கே பக்கத்து வீட்டுக் கிழவர் வால்ட்டர் நல்ல மனிதர். நான் காரை எடுத்தாலே கை அசைத்து, எங்கே கிளம்பிவிட்டாய் என்று ஆங்கிலத்தில் கேட்பார். ஒவ்வொரு தடவையும் நான் உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். எனக்கு மறதி வியாதி என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

3

மூன்று வருடத்துக்கு முன்பு, ஒரு ஜனவரி மாதம், அம்மா போய்விட்டார். மாரடைப்பு. தம்பி செந்தில் போன் செய்தபோது நான் இல்லத்தில் இருபத்தெட்டு பேருக்கு சூப் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மதியம் வின்னிபெக்கில் விமானம். காலையிலேயே கிளம்பினேன். மகள் நித்யாவுக்கு அப்போது பதின்மூன்று வயது, அவளை என் கணவரோடு விட்டுவிட்டு நான் மட்டும். வழியில் பாதித் தூரத்தில் ஒரு பெட்ரோல் பங்க் உண்டு. நான் அங்கே போய்ச் சேரவும் பனிப்புயல் வரவும் சரியாக இருந்தது. போலீஸ்காரர் சாலையின் குறுக்கே கதவைப் போட்டுவிட்டார். நெடுஞ்சாலைக்குக் கதவு இருக்கும் என்பதையே அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தக் கதவு திறக்கப் பத்தொன்பது மணி நேரம் ஆயிற்று. பங்க்கில் உள்ள மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். விமானம் போய்விட்டது. அடுத்தது கிடைத்து, பல்லடம் வந்து சேர்ந்தபோது மாலை நாலு மணி. பகல் பன்னிரண்டுக்கே அம்மாவை எடுத்துவிட்டார்கள். வாசலில் பந்தல் இருந்தது, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

பனி என்று சொன்னேன். யாரும் கேட்கிற நிலையில் இல்லை. மூன்றாம் நாள், சித்தி எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

"பனின்னா என்ன, நாப்பது கிலோமீட்டரு. மொத நாளே போயி ஏர்போர்ட்டுல உக்காந்திருக்கலாமல்லோ? பெத்தவளுக்கு வர நேரமில்லையாட்ட."

அப்பா அங்கேதான் இருந்தார். சித்தியை அதட்டவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் மகள் பக்கத்து டவுனில் இருக்கிறாள் என்று நம்பிக்கொண்டே அம்மா போய்ச் சேர்ந்திருக்கிறார். வாராவாரம் போனில், "கோயமுத்தூரு பக்கத்துல இருக்கறாப்பல தெகிரியமா இருக்குது கண்ணு" என்பார். அவரைப் புதைத்த மூன்றாம் நாள், அதெல்லாம் பொய் என்று எப்படிச் சொல்வது? அசட்டை என்ற பெயரே இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அதற்கப்புறம் மூன்று வருடம் அப்பா என்னிடம் போனில் பேசியது மூன்று கேள்விதான். சாப்டியா, புள்ள படிக்குதா, மாப்பிள்ளைக்கு வேல ஆகுதா. பதிலைக் கேட்டதும் செந்திலிடம் போனைக் கொடுத்துவிடுவார்.

4

இந்த வருடம் கோடையில் வந்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டேன். வரமாட்டார் என்ற தைரியத்தில்தான் கூப்பிட்டேன். "சேரி, வாரேன்" என்று சொல்லிவிட்டார்.

விசா வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நம் வழக்கப்படி என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர், பொன்னுசாமி. அப்பாவுக்கோ பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான், அதுவும் பொன்னுசாமி. அழைப்புக் கடிதத்தில் கையெழுத்துச் சான்று வாங்க வின்னிபெக் போனால், மேசைக்குப் பின்னால் இருந்த பெண் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வருகிறவர் உங்கள் கணவரா என்று கேட்டாள். அப்பா என்றேன். அப்படியென்றால் அவருடைய குடும்பப் பெயர் எங்கே என்றாள். குடும்பமே அவர்தான் என்று எப்படி விளக்குவது? இன்னொரு தாள் வேண்டுமாம். அதற்கு இன்னொரு நாலும் நாலும் எட்டு மணி நேரம்.

ஆனால் எனக்குப் பயம் விசாவில் இல்லை, அந்த வழியில்தான். அப்பா விமான நிலையத்திலிருந்து என் வீட்டுக்கு வந்தாக வேண்டுமே. முப்பது மணி நேரப் பயணம், காரில் ஏறியதும் தூங்கிவிடுவார், எழுப்பி வீட்டுக்குள் கூட்டிப்போய்விடலாம் என்று திட்டம் போட்டேன். தலையணைகூட எடுத்து வைத்தேன். வண்டியில் ஏறினால் கண்டக்டர் தூங்கமாட்டார் என்பது மறந்துபோயிற்று.

5

விமான நிலையத்திலிருந்து காலை பத்து மணிக்குக் கிளம்பினோம். அப்பா முன் சீட்டில், நித்யா பின்னால். தலையணையைக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தார். கையில் பழைய வாட்ச், நம்மூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. கார் நகர்ந்ததும் அதை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"தாத்தா, நீ தூங்கு" என்றாள் நித்யா. 'ங்க' போடச் சொல்லிப் பத்து வருடமாகக் கத்துகிறேன். கொங்கு நாட்டில் கன்றுக்குட்டிக்குக்கூட 'ங்க' போடுவோம், என் மகளுக்கு மட்டும் அது வரவில்லை.

"தூக்கம் வருலீங் அம்மணி" என்றார் அப்பா. பேத்திக்கு அவர் 'ங்' போட்டார்.

இரண்டு பக்கமும் நம்மூர்க் கடுகு மாதிரியான கனோலாப் பயிர் பூத்து மஞ்சளாகக் கிடந்தது. அப்பா கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு சாலையையே பார்த்தார். ஊர் வரவில்லை. ஒரு ஸ்டாப் இல்லை, ஒரு டீக்கடை இல்லை, கை காட்டி நிறுத்த ஒரு மனிதர் இல்லை. நான் வாய் ஓயாமல் பேசினேன். கோதுமை, மான், விலைவாசி என்று என்னென்னவோ. அவர் ம் கொட்டினார். சரியாக ஒரு மணி ஐந்து நிமிடம் ஆனதும் வாட்சைப் பார்த்தார்.

"பல்லடம் வந்திருக்கோணுமே கண்ணு."

"இன்னும் கொஞ்சந்தானுங்கப்பா."

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. ஒன்றேமுக்கால் ஆயிற்று. அதற்கப்புறம் அவர் கேட்கவே இல்லை.

அந்த பெட்ரோல் பங்க்கைத் தாண்டிப் போய்விடத்தான் நினைத்தேன். நித்யா பாத்ரூம் போக வேண்டும் என்றாள். உள்ளே போனோம். கல்லாவில் இருந்த பெண்மணி என்னைக் கண்டதும் வெளியே வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். எப்போது போனாலும் அப்படித்தான். அப்பாவுக்கு வணக்கம் சொன்னார்.

"ஆருங் கண்ணு இவிய?" என்றார் அப்பா.

நான் பதில் தேடுவதற்குள் நித்யா முந்திக்கொண்டாள். நான் ஊரில் சொல்லி வைத்திருந்த பொய் அவளுக்குத் தெரியாது.

"தாத்தா, பாட்டி செத்தப்போ அம்மா இங்கதான் ஸ்டக் ஆனா. அந்த பெஞ்ச்தான். இந்த ஆன்ட்டிதான் போர்வை குடுத்தாங்க. அம்மா போன்ல அழுதுட்டே இருந்தா."

அப்பா பெஞ்சைப் பார்த்தார். மெதுவாக நடந்து போய் அதில் உட்கார்ந்தார். நித்யாவைச் சாக்லேட் வாங்கச் சொல்லி அனுப்பிவிட்டு நான் எதிரில் நின்றேன். ஐம்பது பேர் முன்னால் டிக்கெட் எடுக்காமல் பிடிபட்ட ஆள் மாதிரி நின்றேன்.

"இங்கிருந்து உன்ற ஊடு இன்னும் எத்தன?"

"ரெண்டு மணி நேரமுங்கப்பா. மொத்தம் முந்நூத்தி நாப்பது கிலோமீட்டரு."

"இந்தப் பெஞ்சுல எத்தன நேரம்?"

"பத்தொம்பது மணி நேரமுங்."

"ஏஞ் சொல்லுல?" குரல் ஏறியது. கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "மூணு வருசம்! ஆளாளுக்குப் பேசுனாங்களே, ஒரு வார்த்த சொல்லியிருக்கப்புடாதா? நானும் அப்பிடித்தான நெனச்சுப்போட்டேன்!"

"சொன்னா தூரம் தெரிஞ்சுபோயிருமுங்கப்பா. அம்மா பக்கம்னு நெனச்சுட்டே போய்ட்டாங்க."

அப்பா தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"நான் ஒரு பேசஞ்சருக்கும் வண்டிய நிறுத்தி வெச்சதில்ல, உனக்குத் தெரியும். அன்னிக்கு உங்கம்மாள எடுக்க உடாம நிறுத்தி வெச்சேன். மொத நாள் சாயங்காலமே எடுக்கோணும்னாங்க. காலைல வந்துரும், ஒம்பதுக்கு வந்துரும், பத்துக்கு வந்துரும்னு சொல்லிச் சொல்லி நிறுத்தி வெச்சேன். பன்னண்டுக்கு மேல முடியல கண்ணு. நாந்தான் எடுக்கச் சொல்லிப்போட்டேன். நாலு மணி நேரம். இன்னும் நாலு மணி நேரம் புடிச்சு வெச்சிருந்தா நீ மொகம் பாத்திருப்ப. அந்தக் கோவத்தத்தான் உம்மேல போட்டுட்டேன்."

இத்தனை நாள் அவர் கோபம் என் மேல் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். எனக்கும் ஒன்று பாக்கி இருந்தது. மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாதது.

"அன்னிக்குக் கிளம்பும்போது பக்கத்து ஊட்டுத் தாத்தா எங்க போறேன்னு கேட்டுப்போட்டாருங்கப்பா. நான் திரும்ப உள்ள போயி, உக்காந்து, தண்ணி குடிச்சுட்டு வந்தேன். பத்து நிமிசம். எனக்குப் பத்து நிமிசம் முன்னால வந்த லாரிய உட்டுட்டாங்களாம், இந்தம்மாதான் சொன்னாங்க. நான் தண்ணி குடிக்காம வந்திருந்தா அம்மா மொகத்தப் பாத்திருப்பேன்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார். கண்டக்டர் அப்பாவாகிவிட்டார்.

"அது லாரி. உன்றது காரு. பத்து நிமிசம் முந்தி வந்திருந்தா, கதவத் தாண்டிப்போயி நடுப்பனில நின்னிருப்ப. இந்த ரூட்டுல ஒரு ஸ்டாப்பு இருக்குதா, ஆளு இருக்குதா? நானும் பாத்துட்டுத்தான வந்தேன். எனக்கு ரெண்டு எழவாயிருக்கும். நீ தண்ணி குடிச்சதுனாலதான் என்ற புள்ள இருக்குது."

பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்தார். உட்கார்ந்தேன். நித்யா மூன்று சாக்லேட்டோடு வந்து, எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தாத்தாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். கல்லாவிலிருந்த பெண்மணி டீ கொண்டுவந்து வைத்தார். காசு வாங்கவில்லை. டீ வாயில் வைக்க முடியாதபடி இருந்தது. அப்பா முழுதாகக் குடித்தார்.

காரில் ஏறியதும் கதவை இரண்டு தட்டுத் தட்டி, "போலாம் ரைட்" என்றார்.

6

ஆறு வாரம் இருந்தார். வால்ட்டரும் அவரும் ஆளுக்கொரு மொழியில் மணிக்கணக்காகப் பேசினார்கள். நான் காரை எடுக்கும்போது வால்ட்டர் வாய் திறந்தால், அப்பா அவர் கையைப் பிடித்துத் தடுத்துவிடுவார். இந்த ஊருக்குப் பஸ்ஸே இல்லை என்பதை மட்டும் அவரால் கடைசி வரை ஒத்துக்கொள்ள முடியவில்லை. "ஒரு நாளைக்கு ஒரு சிங்கிள் ட்ரிப்பு உட்டாக்கூடப் போதும்" என்று தினமும் ரோட்டைப் பார்த்துச் சொல்வார்.

ஒரு நாள் செந்திலை வீடியோவில் கூப்பிட்டு, சித்தியையும் வரச் சொன்னார். "உங்கக்காளுக்காக இந்தப் புள்ள பத்தொம்பது மணி நேரம் பெஞ்சுல உக்காந்திருந்துச்சு. முந்நூத்தி நாப்பது கிலோமீட்டரு. இனி ஒரு வார்த்த பேசுனீன்னா நடக்கறது வேற" என்றார். சித்தி அழுதார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

திரும்பும் நாள், பாதி வழி நித்யா ஓட்டினாள். அடுத்த வருடம் வின்னிபெக்கில் படிக்கப் போகிறாளாம். ஓட்டிக்கொண்டே சொன்னாள்: "நாலு மணி நேரம்தானேம்மா, பக்கம்தான்." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பின் சீட்டிலிருந்து அப்பா கையை நீட்டி என் தோளைத் தட்டினார்.

விமான நிலையத்தில் பயணிகள் மட்டுமே போகக்கூடிய வாசல் வந்தது. கட்டிப்பிடித்தெல்லாம் எங்களுக்குப் பழக்கமில்லை. பை சரியாக இருக்கிறதா, பாஸ்போர்ட் இருக்கிறதா என்று மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டு நின்றோம். வரிசை நகர்ந்தது. அம்மா இருந்தால் என்ன கேட்டிருப்பாரோ, அது என் வாயில் வந்துவிட்டது.

"தூரமுங்களாப்பா?"

பக்கந்தான் என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ஆமா அம்மணி. நொம்பத் தூரந்தான்" என்றார். "ஆனா ரூட்டு தெரிஞ்சுபோச்சு."